முப்பத்தொன்றாம் நம்பர்

"இந்தப் பையனுக்கு அம்மான்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?"

பின்னால் உட்கார்ந்து தன் பிள்ளைக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்த பெண் யாரிடமோ சொன்னது கார்குழலியின் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். குழாய்ச் சறுக்கின் மேல் வாயில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். ஏறி வருகிற பிள்ளைகள் மேல் பிளாஸ்டிக் பந்தை வீசிக்கொண்டிருந்தான். சட்டையையும் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு இருந்தான்.

"நல்ல வளர்ப்பு" என்றாள் கார்குழலி.

அஞ்சலாட்சி சிரித்தாள். இருவரும் மில் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு புதுச்சேரியிலேயே ஒருத்திக்குச் சாரத்தில் வீடு, இன்னொருத்திக்குத் தட்டாஞ்சாவடியில். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் உட்கார்ந்து பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. நோணாங்குப்பத்தில் போட் ஏறலாம் என்றுதான் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொள்ளவே, மாலின் மூன்றாம் மாடியிலிருந்த இந்த விளையாட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கார்குழலியின் ஐந்து வயது மகள் கவிநிலா உள்ளே ஓடியதும் பேச்சு பழைய காலத்துக்குப் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம மேட்னி ஞாபகம் இருக்காடி? குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க மொத்தமா கெளம்புங்களே" என்றாள் அஞ்சலாட்சி.

"மறக்குமா? எங்கம்மா நம்ம பாவாட நாடாவ அது முந்தானையில முடிஞ்சுக்கும். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நானு. படம் பாத்து அழுவும். ஆனா நாம அரை அடி நவுந்தா கை வந்துரும்."

"கை இல்லடி, கிள்ளு. எந்தொடையக் கேளு, சொல்லும்."

"ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு வந்திருக்கும், பாவம். கண்ணு செவசெவன்னு இருக்கும். அப்பவும் ஒரு கண்ணு படத்துல, ஒரு கண்ணு நம்ம மேல."

அம்மாவின் புடவையில் எப்போதும் இருக்கும் பஞ்சு வாசனை கார்குழலியின் மூக்கில் வந்து போனது. இடைவேளையில் ஒரு முறுக்கை உடைத்து மூன்று பேருக்குக் கொடுத்தது, ஷிப்டு சங்கு ஊதினால் தூக்கத்திலேயே அம்மாவைத் தடவிப் பார்த்தது என்று பேச்சு எங்கெங்கோ போனது. அரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

வீல் என்று ஒரு குழந்தை அலறியது. பந்து மூக்கில் பட்டிருந்தது.

கார்குழலிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கூடத்து ஊழியன் கலைவாணனிடம் சத்தம் போட்டாள். அவன் மேலே ஏறிப் பையனைக் கையைப் பிடித்து இறக்கினான்.

"அஞ்சே நிமிஷம்ணா. அங்க யாரையும் வுடாதீங்கண்ணா."

"அவங்கப்பன் ஊட்டுச் சறுக்கு போல" என்றாள் சாக்ஸ் மாட்டிய பெண்.

"சட்டை எங்கடா?" என்றான் கலைவாணன்.

பையன் தரையைப் பார்த்தான்.

"உங்கம்மா எங்க?"

"கீழ துணிக்கடையில வேல. எட்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவும்."

"போன் பண்ணி வரச் சொல்லுங்க" என்றாள் கார்குழலி. "பிள்ளைய இங்க தள்ளிவுட்டுட்டு அவங்க நிம்மதியா இருப்பாங்க. நாங்க மட்டும் வேல வெட்டி இல்லாமயா கூட வந்து உக்காந்திருக்கோம்?"

"வேணாண்ணா. இன்னொருவாட்டி பாதியில எழுந்து வந்தா வேலைய வுட்டு நிறுத்திருவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

கலைவாணன் கம்ப்யூட்டரில் அந்தப் பையனின் அம்மா நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

"அது கெடக்கட்டும், கவிநிலா எங்கடி?" என்றாள் அஞ்சலாட்சி.

பந்துக் குளத்தில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. கடைசியாக அவளை எப்போது பார்த்தோம் என்று கார்குழலி யோசித்தாள். நினைவுக்கு வந்ததெல்லாம் மேட்னிதான்.

பையன் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரும்போது பிள்ளைக்கும் கூட வந்தவருக்கும் ஒரே நம்பர் போட்ட காகிதப் பட்டையை ஒட்டிவிடுவார்கள். அவளுடையது முப்பத்தொன்று.

கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "ஆன்ட்டி, நீங்க மட்டும் மேல போங்க."

ஏறினாள். குழாய்க்குள் குனிந்து நுழைந்தாள். முதல் வளைவில் கவிநிலா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை. கீழே ஈரம்.

"அவசரமா வந்துச்சும்மா. உன்னக் கூப்ட்டேன், கூப்ட்டேன். நீ அத்தைகிட்டப் பேசிட்டே இருந்த."

கார்குழலி இன்னும் கிட்டே ஊர்ந்து போனாள்.

"எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்கன்னு அழுதேன். அந்த அண்ணந்தான் ஒருத்தரையும் வுட மாட்டேன்னுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுச்சு."

கீழே கலைவாணனின் குரல் கேட்டது. "ரிங் போவுது. எடுக்க மாட்டேங்கறாங்க."

கார்குழலி தோள்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மகளின் மடியில் பாதி, தன் மடியில் பாதி ஊற்றினாள். பிள்ளையை இடுக்கிக்கொண்டு அந்தக் குழாயிலேயே சறுக்கி, எல்லார் முன்னாலும் வந்து விழுந்தாள்.

"போன வைங்க தம்பி" என்றாள். "எம்பொண்ணு தண்ணியக் கொட்டிக்கிட்டா. மத்த பசங்க வழுக்கி வுழக் கூடாதுன்னுதான் இவன் வழிய மறிச்சிருக்கான். நனைஞ்சவளுக்குச் சட்டையவும் குடுத்திருக்கான். அவங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. இங்கயே உக்காந்துகிட்டுப் பிள்ளையப் பாக்காம இருந்தது நாந்தான்."

கலைவாணன் போனை வைத்தான்.

அவனிடம் தரை துடைக்கிற துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நனைந்த சுடிதாரோடு கார்குழலி மறுபடி மேலே ஏறினாள்.