கதை வேண்டாம் என்றவர்

“இந்தத் தடவையும் வேண்டாம்னுட்டாரு,” என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் மடியில் கிடந்தது.

கால்சட்டைக்கு ஓரம் மடிக்கக் கொடுக்க வந்த எதிர்வீட்டு மருந்துக்கடைப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். “யாருக்கா? அந்தப் பத்திரிகைக்காரரா?”

“அவரேதான். கதை திரும்பி வந்துடுச்சு.”

அக்காவுக்குத் தையல் வேலை. பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றித் தருவாள். மகன் வெளிநாடு போனதோடு சரி. போன் அடித்தால் அது ஏதாவது கம்பெனி விளம்பரமாகத்தான் இருக்கும். மிஷினை நிறுத்தினால் அந்த அறையில் வேறு சத்தம் கிடையாது. பொழுது போகாமல் கதை எழுத ஆரம்பித்தவள், அப்புறம் விடவே இல்லை.

எங்கே அனுப்புவது என்று தேடிக் கொடுத்தவள் மருந்துக்கடைப் பெண்தான். சிறுகதையும் கவிதையும் வாங்குகிற இதழ்களையெல்லாம் திரட்டிப் போட்டிருந்த ஓர் இணையதளம் அவள் கண்ணில் பட்டது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

‘தேர்வானால் மட்டுமே தெரிவிப்போம்’ என்றிருந்த பெரிய இதழ்களை அக்கா ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். ‘வந்ததையெல்லாம் வெளியிடுவோம்’ என்றவர்களையும் சீந்தவில்லை. ‘ஒவ்வொரு கதைக்கும் ஆசிரியரே பதில் எழுதுவார்’ என்று ஒரு சின்ன இதழ் இருந்தது. அதில் விரலை வைத்தவள்தான். இன்றுவரை அதற்கு மட்டும்தான் அனுப்புகிறாள்.

“என்னதான் எழுதியிருக்காரு? படிங்க.”

அக்கா கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டாள். “‘கதாநாயகி கோபமாகக் கதவைச் சாத்துகிறாள் என்கிறீர்கள். அடுத்த வரியில் பக்கத்தில் குழந்தை அசையாமல் தூங்குகிறது. இது என்ன கோபம்? போன கதையில் இருமிய பெரியவர் இதிலும் இருமுகிறார். இருமுவது அவரா, நீங்களா? நீங்கள் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இந்தக் கதை வேண்டாம். அடுத்ததை அனுப்புங்கள்.’”

“கொழுப்பைப் பாத்தீங்களா! இவருக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

அக்கா உதடு மட்டும் அசைய, மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“வேற எடத்துக்கு அனுப்புவோம்க்கா. அந்தத் தளத்துல எத்தனையோ இருக்கு.”

“வேணாம். இவருகிட்டயே பாக்கறேன்.”

மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஆசிரியருக்குத் தானே எழுதினாள். ‘ஐயா, அந்தம்மா தனியாள். உங்கள் பதில் வரும்போதெல்லாம் அழுகிறார். ஒரே ஒரு கதையைப் போட்டால் உங்கள் இதழ் ஒன்றும் மூழ்கிவிடாது.’ அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அக்கா அடுத்த கதையை எழுதி அனுப்பினாள். அதன்பிறகு மிஷினில் ஒரு கண், போனில் ஒரு கண். யாரோ கொடுத்த சட்டைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

பதில் வந்தபோது மருந்துக்கடைப் பெண்ணும் கூடத்தான் இருந்தாள். அக்கா அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“என்னக்கா?”

“ஏத்துக்கிட்டாங்களாம்.”

பெண் கை தட்டிக் குதித்தே விட்டாள். “நான் சொல்லல! படிங்கக்கா, சத்தமாப் படிங்க!”

“படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கீழ இன்னும் ஏதாவது இருக்கா, நீயே தள்ளிப் பாரு.”

பெண் போனை வாங்கிப் பார்த்தாள். ‘தங்கள் படைப்பு தேர்வாகியுள்ளது. ஒருமுறை படைப்பு வெளியானவர்கள் புதியவர்களுக்கு வழிவிட்டு, மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, ஆசிரியர் குழு.’ விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கீழே வெறும் வெள்ளைதான்.

“இல்லக்கா. இவ்வளவுதான்.”

அக்கா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கோக்க முடியவில்லை.

“என்னக்கா இது? இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க?”

அக்கா நூலைக் கீழே வைத்தாள்.

“இனிமே எனக்கு யாரு எழுதுவா?”