ஜெயராஜ் வைத்த எலுமிச்சம்பழங்கள்

எலுமிச்சம்பழங்களை வைத்தவன் ஜெயராஜ்தான்.

புதுக் கார் எடுத்தவர்கள் கோயில் வாசலில் வைப்பார்களே, அந்த மாதிரி நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். சிரித்துக்கொண்டே வைத்தான். தங்கச்சியைக் கேலி பண்ணுவதென்றால் அவனுக்குச் சாமி காரியமும் விளையாட்டுதான்.

கார் புதுசு இல்லை. மோரிஸ் மைனர். அவர்களுடைய அப்பா கன்னையா ஓட்டியது. அவர் போன பிறகு பண்டமாரானில் அவர்கள் வீட்டு போர்ச்சில், சுவரைப் பார்த்தபடி துருப்பிடித்துக் கிடந்தது.

மாதவிதான் அதைத் தொட்டாள்.

படுத்த படுக்கையாயிருந்த அம்மா கண்ணசருகிற நேரம் பார்த்து வந்து துருவைச் சுரண்டுவாள். பிளவுஸ் தைத்த காசில் காப்பாரில் இருக்கிற பழைய கார்க் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவாள். போனில் வீடியோ பார்த்து என்ஜினைப் பிரித்தாள், தப்பாகப் பூட்டினாள், மறுபடி பிரித்தாள். சீட்டுக்கு உறைகூட அவள் தையல் மெஷினில் தைத்ததுதான்.

பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று தெருவே பேசியது. நான் எதிர்வீட்டுக்காரி, எல்லாம் என் காதிலும் விழுந்தது. பேசினவர்களில் ஒருத்தர்கூட வந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததில்லை.

அம்மாவுக்குத் தலைத்திவசம் முடிந்த கையோடு ஜெயராஜ் வந்தான். வீட்டை வாடகைக்கு விடப்போகிறானாம். சுபாங் ஜெயாவில் அவன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

ஆள் என்றால் மாதவி. கல்யாணம் ஆகாத தங்கச்சிக்கு வேறென்ன வேலை என்பது அவன் நினைப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவளை மேசை நாற்காலி மாதிரி இடம் மாற்றப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதவி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவன் பழைய இரும்புக்காரனை லோரியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இந்தக் கார் சொந்தமா ஓடி கேட்டைத் தாண்டட்டும். அப்புறம் காரும் உன்னோடது, நீயும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தாண்டலன்னா அது லோரியில, நீ என்னோட சுபாங்குக்கு. சரியா?"

தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அந்த என்ஜின் இருமித்தான் அவன் கேட்டிருக்கிறான், ஓடிக் கேட்டதில்லை. அந்தத் தைரியம்.

மாதவி கிரீஸ் கையைக் கைலியில் துடைத்தாள். குனிந்து அவன் வைத்த பழங்களைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாகச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பழம் வைக்கக்கூடத் தெரியவில்லையாம். காருக்கு முன்னால் இருப்பது சுவர், போக வேண்டியது பின்பக்கம் என்பது அத்தனை பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சோக்கை இழுத்தாள்.

என்ஜின் ஒருமுறை முனகியது. அடங்கிப்போனது.

மறுபடி முயன்றாள். இந்தத் தடவை முனகல்கூட இல்லை. ஜெயராஜ் லோரிக்காரனைப் பார்த்துக் கையசைத்தான்.

ஓடு தாயே, ஓடு என்று நான் இரும்பை வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. போர்ச் முழுக்கப் புகை. சிரித்தவர்கள் எல்லாம் இரும ஆரம்பித்தார்கள்.

ரிவர்ஸ் விழுந்தது. கார் அசைந்தது. பழங்கள் நசுங்கிச் சாறு சிமெண்டில் ஓடியது. பின்சக்கரம் கேட்டைத் தாண்டியது, பிறகு முன்சக்கரமும் தாண்டியது.

ஜெயராஜின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவன் இல்லை. சட்டென்று குரலை மாற்றிக்கொண்டான்.

"சரி லா, ஓடுது, ஒத்துக்கிறேன். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து உள்ளேயே போடு. சுபாங் விஷயத்த சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்."

கொடுத்த வாக்கின் ஈரம்கூடக் காயவில்லை.

ரிவர்ஸில் போகிறவளுக்குப் பிறந்த வீடு கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். மாதவி அதைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி, போகிற பக்கத்தையே பார்த்தாள்.

"ஸ்டீயரிங்க ஒடி மாதவி! ஒடி லா!" என்று அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

அவள் ஒடிக்கவில்லை. கார் தெருவை நேராகக் கடந்து, எதிரே கேட் திறந்திருந்த வீட்டுக்குள் வால் முதலில் நுழைந்து நின்றது.

அது என் வீடு.

என் மைவி காரை அன்று காலையிலேயே தெருமுனையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பூந்தொட்டிகளையும் ஓரங்கட்டியிருந்தேன். மாதவியின் துணிமணி, தையல் மெஷின், அரிசிப் பானை எல்லாம், எனக்குப் பிளவுஸ் அளவு பார்க்க வருகிற சாக்கில், கொஞ்சம் கொஞ்சமாக என் பின்னறைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அவள் என்ஜினை அணைத்தாள். நான் கேட்டை இழுத்துச் சாத்தினேன்.

ஜெயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படியும் அவள் கிளப்பி வெளியே கொண்டுவந்துதானே ஆகவேண்டும் என்று நின்றான். அந்தக் காருக்கு முன்னால் போகிற கியர் இன்னும் ஒன்றுகூட விழாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ரிவர்ஸ் மட்டும்தான். தெருவைக் கடக்க அது போதும் என்று நாங்கள் போன மாதமே முடிவு பண்ணியிருந்தோம்.