இன்னும் உரியவில்லை

"டேய் ஜெபா, கட்டிக்கினவ உள்ள மூச்சுக்குத் தவிச்சிக்கினு கெடக்கறா. நீ இங்க உடும்பைக் குளிப்பாட்டிக்கினு இருக்கியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

புத்தூரிலிருந்து தம்பி பெண்டாட்டியைப் பார்க்க வந்த தபீதாள், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வந்ததும் வராததுமாய்ப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபதாஸ் நிமிரவில்லை. பழைய கோழிக்கூண்டுக்குள் கையை விட்டு, உடும்பின் முதுகில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தான்.

"வீட்டு முட்டையெல்லாம் இதுக்குத்தானாமே? அந்த முட்டையை அவளுக்குக் குடுத்தா ஒடம்புல ஒட்டும்."

"அவளுக்கும் குடுக்கறேன்க்கா."

"குடுத்தே, போ!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. அடுத்த நிமிஷமே அவன் பெண்டாட்டி லோயிஸிடம் ஒப்பித்துவிடுவாள்.

மழை பிடித்ததிலிருந்து லோயிஸுக்கு இழுப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட ஜெபதாஸின் காதில் அந்தச் சத்தம்தான். இவள் போய்விட்டால் என் கதி என்ன என்கிற பயத்தில் அவனுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை.

அப்போதுதான், காட்டில் வேட்டையாடிச் சந்தைக்கு வருகிற கங்கையா இந்த உடும்பைக் கொண்டுவந்தான். இதன் கறியில் சூப்பு வைத்துக் குடித்தால் இழுப்பு இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும் என்று அடித்துச் சொன்னான். கறி ஜெபதாஸுக்கு, தோல் கங்கையாவுக்கு. திருப்பதியில் கஞ்சிரா செய்கிற ஒருவர் அவனிடம் உடும்புத் தோல் கேட்டிருந்தாராம்.

"சரி, இப்பவே அறுத்துடு" என்றான் ஜெபதாஸ்.

"வத்துண்ணா, வேணாம்! பாரு, தோலு உரிக்குது. இப்ப அறுத்தா கறியும் வெசம், தோலும் பாழு. முழுசா உரியட்டும், நானே வந்து அறுத்துத் தரேன். அதுவரைக்கும் நல்லாப் பாத்துக்கோ. கையால கிய்யால பிச்சிடாதே, புண்ணாயி செத்துப்பூடும்."

அன்றிலிருந்து ஜெபதாஸுக்கு இதே வேலை. முட்டை, வெட்டுக்கிளி, கோழிக்குடல். விரல்களில் பழைய தோல் வளையம்போல் இறுகிவிடாமல் இருக்க விளக்கெண்ணெய். உடும்பு ஒரு வேளை வாயைத் திறக்காவிட்டால் இவனுக்கும் சோறு இறங்காது. செத்துகித்துத் தொலைத்தால் லோயிஸின் மருந்தல்லவா போய்விடும்!

லோயிஸ் எறும்பைக்கூட ஊதி விடுகிறவள். உடும்புக்கறி என்று தெரிந்தால் வாயில் வைக்க மாட்டாள். ஆட்டுக்கால் சூப்பு என்று சொல்லிக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தான்.

தலை உரிந்தது, கால் உரிந்தது, வயிறு உரிந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு பட்டைத் தோல் மட்டும் அசைவேனா என்று நின்றது. சந்தைக்கு வரும்போதெல்லாம் கங்கையா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

"இன்னும் ஒட்டிக்கினு கீதேண்ணா."

"நல்லாத்தானே துன்னுது, ஏன்டா உரிய மாட்டேங்குது?"

"இன்னாவோ தெரியலண்ணா. அடுத்த சந்தைக்குப் பாக்கலாம்."

இன்றைக்குச் சந்தை நாள். விடிந்ததிலிருந்து லோயிஸுக்கு இழுப்பு அதிகம். அக்கா கிணற்றடிக்குப் போனதும், ஜெபதாஸ் அவசரத்தில் துணியைக் கொஞ்சம் அழுத்திவிட்டான். அந்தப் பட்டை கையோடு வந்துவிட்டது.

அவனுக்குப் பகீரென்றது. குனிந்து பார்த்தான். ரத்தம் இல்லை, புண் இல்லை. அடியில் புதுத்தோல் பளபளவென்று இருந்தது. கையிலிருந்த பட்டையைத் திருப்பினான். உள்பக்கம் வெள்ளையாய் ஏதோ நசுங்கியிருந்தது.

சோற்றுப் பருக்கை!

"ஏங்க..."

லோயிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயா இதை ஒட்டினே?"

"நீங்க மண்டிக்குப் போனதும்... தெனம் ஒட்டி வெப்பேன்."

"இது எதுக்கு வந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"கங்கையா பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும். எனக்குக் கேக்காதா?"

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா அவன் தூக்கிக்கினு போயி வேற எங்கனா அறுத்துடுவான். அதுவும் இல்லாம..." லோயிஸ் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "ராவெல்லாம் என் மூச்சையே பாத்துக்கினு கெடந்தீங்க. இது வந்தப்புறம்தான் கண்ணை மூடித் தூங்கறீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. என் கையால முட்டை துன்னது, அதை அறுக்கவும் மனசு வரல. இது மூச்சை நிறுத்தித்தான் நான் மூச்சு விடணுமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணா இட்டுக்கினு போங்க, வரேன்."

ஜெபதாஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. திட்ட வாயைத் திறந்தான். கண் கூண்டுக்குப் போனது. உடும்பு அவன் கைமேலேயே சாவகாசமாய்ப் படுத்துக் கிடந்தது.

"ஏமண்ணா!" தெருமுனையிலிருந்தே கங்கையாவின் குரல் கேட்டது. "கத்தி கொண்டாந்துகீறேன். இன்னிக்காவது உரிஞ்சிதா?"

ஜெபதாஸ் சட்டென்று கூண்டை உடம்பால் மறைத்துக்கொண்டான்.

"லோயிஸு, சோறு வடிச்சிட்டியா?" என்றான் கிசுகிசுப்பாய். "ரெண்டு பருக்கை எடுத்துக்கினு வா. சீக்கிரம், அவன் வேலிகிட்ட வந்துடப் போறான்!"