வாரண்ட் எங்கே?

"வாரண்ட் இருக்கா?" சங்கிலியைக் கழற்றாமல், கதவின் நாலு விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள் வெர்நெட்டா. அவள் கையிலிருந்த போன் போலீஸ்காரரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் முழங்காலளவு பனி. வாரண்ட் இல்லை என்று அந்தப் போலீஸ்காரர் பிரோக் ஒப்புக்கொண்டார். அவள் இளைய மகன் டேரியஸின் டேப்லட்டை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், அவன் போன் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும், வேறு எதையும் தொடமாட்டேன் என்றார்.

"எம் புள்ள என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல மேடம். காலையில கார் ஓட்டிக்கிட்டே ஃபிரெண்டுகிட்ட பேசியிருக்கான். ஏதோ மோதின சத்தம் கேட்டுச்சாம், லைன் கட்டாயிடுச்சு. செல் டவரை வச்சுப் பார்த்தா இருபது மைல் சுத்துவட்டாரம் காட்டுது. எங்கன்னு தேடுறது?"

வெர்நெட்டா கசப்பாகச் சிரித்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் இன்னொரு போலீஸ்காரர் இதே பாட்டைத்தான் பாடினார். மூத்தவன் லமார் எங்கோ அடிபட்டுக் கிடக்கிறான், அவன் லேப்டாப்பைத் திறந்து கொடுங்கள் என்றார். பெற்ற வயிறு பதறித் திறந்து கொடுத்தாள்.

அடியும் இல்லை, காயமும் இல்லை. அதிலிருந்த நாலு மெசேஜை வைத்து லமாரை ஒன்பது வருடம் உள்ளே தள்ளினார்கள். நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்றது கோர்ட். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டினாலும் என்ன செய்வதென்று கேட்டு முதல் போன் வெர்நெட்டாவுக்குத்தான் வரும்.

டேரியஸுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அதில் அதிசயமும் இல்லை; அவன் வேலை செய்யும் கிடங்கில் ஷிப்ட் முடியும்வரை போன்களை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். கொடுக்காதே, நீயும் அதைத் தொடாதே, தொட்டால் ஆதாரத்தை அழித்தாய் என்பார்கள் என்றார் அவர்.

பிரோக் கடைசியாக ஒன்று கேட்டார். "காலையில என்ன கோட்டு போட்டுட்டுப் போனான் மேடம்? கனமானதா, மெல்லிசா?"

தெருக் கேமராக்களில் மகனைத் தேடிப் பிடிப்பதற்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "பேப்பரோட வாங்க ஆபீசர்" என்று கதவைச் சாத்தினாள்.

பனிப்புயலென்று கோர்ட்டைப் பூட்டியிருந்தார்கள். நீதிபதியை அவர் வீட்டில் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவர பிரோக்குக்கு மூன்று மணிநேரம் ஆனது. அதுவரை வெர்நெட்டா சமையலறை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் டேப்லட்டைக் காவல் காத்தாள். இந்தப் பிள்ளையையாவது காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தபோது, ஏழு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு மனசு லேசானது.

மறுபடி கதவு தட்டப்பட்டது. பிரோக் வாயைத் திறப்பதற்குள், முதலில் பேப்பர் என்று கையை நீட்டினாள். முதல் வரியிலிருந்து நீதிபதியின் கையெழுத்துவரை நிதானமாகப் படித்தாள். எல்லாம் முறைப்படி இருந்தது. சங்கிலியைக் கழற்றி, தானே டேப்லட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிரோக் அதை வாங்கவில்லை. பனி தள்ளும் வண்டிக்காரர்கள் பள்ளத்தில் புதைந்திருந்த ஒரு காரை இப்போதுதான் தோண்டி எடுத்தார்கள் என்றார்.

"அது வேணாம் மேடம். அடையாளம் காட்ட நீங்க வந்தா போதும்."