வக்கீலம்மாவின் வாய்

“இன்னியோட எனக்குப் போதும். அடுத்த வாரம் வரமாட்டேன்” என்றார் பஸ் டிரைவர், சட்டைக் கையை இறக்கிவிட்டபடி. “ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்துபோய் ஒரே அரிப்பு.”

“அரிச்சா சொறி!” என்றார் பக்கத்து நாற்காலி வக்கீலம்மா. “அதுக்குப் பாதியில ஓடுவியா தம்பி? கையெழுத்துப் போட்டுத்தானே வந்தே?”

ஆஸ்பத்திரியில் முடக்குவாதத்துக்கான புது மருந்துச் சோதனை. இருவருமே நோயாளிகள்தான். டிரைவர் முகம் சுண்டிப்போனது.

ரத்த சாம்பிள் எடுத்துப்போக வந்த ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலக நினைத்த ஒரு டீச்சரையும் இந்தம்மா இப்படித்தான் அதட்டி உட்காரவைத்தார்.

“மேடம், விலகறது அவர் உரிமை. வக்கீலுக்கே நான் சட்டம் சொல்லணுமா? நோகறது அவர் கை. உங்களுக்கென்ன, ஊசி ஒத்துக்கிட்டது, வாய் பேசுது!”

வக்கீலம்மா தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

டிரைவர் மாணவியிடம் கேட்டார், “அப்படி இந்த ஊசி என்னதாம்மா பண்ணுது?”

“நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்பு செல்களே வெறிபிடிச்சு மூட்டைக் கடிக்குதுங்கண்ணே. ‘போதும், அடங்கு’ன்னு அதுங்களை அதட்டறதுக்கு ஒழுங்குபடுத்தும் செல்கள்னு ஒரு கூட்டம் இருக்கு. இந்த நோயில அதுங்க பேச்சு எடுபடறதில்லை. அந்தக் கூட்டத்தைப் பெருக்கத்தான் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு சொல்லமுடியும்.”

“சரி, வந்து தொலைக்கிறேன்” என்றார் டிரைவர். “இந்தம்மா வாய்க்குப் பயந்து இல்லை!”

சோதனை முடிந்து முடிவு வந்த அன்று கூடமே அமளிப்பட்டது. மருந்து ஜெயித்திருந்தது! ஒழுங்குபடுத்தும் செல்கள் பெருகியிருந்தன. மூட்டு வீக்கம் வடிந்திருந்தது. கியர் போடவே திணறிய டிரைவர் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் டாக்டர் “ஆ!” என்று கையை உருவிக்கொண்டார்.

வக்கீலம்மாவிடம் சொல்ல மாணவி போனாள்.

“மேடம், இன்னியிலேர்ந்து உங்களுக்கும் மருந்து உண்டு. ஆனா...” கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். “இதுவரைக்கும் உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி.”

“தெரியும்.”

“எப்படி?”

“பாதிப் பேர் கை சிவக்குது, என் கை சிவக்கலை. இதுக்கு சாட்சி வேற வேணுமா?” வீங்கிய விரல்களால் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாணவி வாங்கித் திறந்து கொடுத்தாள்.

“தெரிஞ்சுமா ஒரு ஊசி விடாம வந்தீங்க? மத்தவங்களையும் ஓடவிடாம பிடிச்சு வச்சு?”

ஒரு மடக்குக் குடித்துவிட்டு வக்கீலம்மா சிரித்தார்.

“மருந்துக்கு இந்த உப்புத் தண்ணிதானே எதிர்த்தரப்பு? எதிர்த்தரப்பு ஆஜராகாம வாங்கின தீர்ப்பு, மேல்கோர்ட்டுல நிக்காதும்மா.”