இரண்டாவது டம்ளர்

தலையைக் கொடுத்துவிட்டால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மலர்க்கொடி அத்தை கொடுக்க மாட்டேன் என்று நின்றார்.

டிராகன் தலைதான். பச்சை பிளாஸ்டிக், மஞ்சள் கண், கட்டைவிரல் அளவு. வாசலில் நின்று பார்த்தாலே அலமாரி மேல்தட்டில் தெரிந்தது. கரண்ட் இல்லை, வீட்டுக்குள் எல்லாம் மங்கல். இருந்தால் என்ன, அந்தக் கண்ணை நான் எந்த இருட்டிலும் கண்டுபிடிப்பேன்.

உடம்பு முழுவதும் என் பையில் இருந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு வந்த ஒரே விளையாட்டுப் பெட்டி அது. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் டிராகன் வரும். பொங்கல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. முகாமைப் பார்த்துக்கொண்ட இருதயசாமி மாமா இருக்கிறாரே, பெரிய நியாயஸ்தர்! ஒரு பிள்ளையும் அழக்கூடாது என்று எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டி, பிள்ளைக்கு ஒரு டம்ளர் என்று அளந்து கொடுத்துவிட்டார். டிராகன் அக்கு அக்காகப் பிரிந்து ஆளுக்கொரு வீட்டுக்குப் போனது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு சிறுமியோடு நின்ற பெண் இரண்டு டம்ளர் வாங்கினார்.

“அவுங்களுக்கு மட்டும் என்னா ரெண்டு?” என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் அந்த இடம் கன்றிப்போனது. நியாயம் கேட்டதற்குக் கிள்ளா? அந்தக் கோபம் எனக்குப் போகவே இல்லை.

என் டம்ளரில் விழுந்தது ஓர் இறக்கையும் கொஞ்சம் மொட்டைக் கட்டைகளும். அன்று பிடித்த பைத்தியம். சிதம்பரத்தில் என்ஜினீயரிங் சேர்ந்த பிறகும் விடவில்லை. “கழுத வயசாவுது, பொம்மைய தேடி அலையுறா பாரு” என்று ரூம்மேட் ஜூலி தலையில் அடித்துக்கொள்வாள். அலைந்தேன்தான். முகாமில் இருந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போனேன். இன்னோர் இறக்கை வடலூரில் ஒரு வீட்டில் சாமி படம் சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாலைச் சொருகி மண்ணெண்ணெய் பாட்டிலை மூடியிருந்தார்கள். கழுவிக் கழுவிப் பார்த்தும் நாற்றம் போகவில்லை.

தலை மட்டும்தான் பாக்கி.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடும் ஒரு பக்கம் இன்டர்நெட்டில் உண்டு. இனி வரப்போகும் டிராகன்கள் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருடைய ஆசைகளையும் திரட்டி, கட்டை செய்கிற கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்கள். அன்று கடைசி நாள். நம்மிடம் உள்ள டிராகனின் படத்தையும் சேர்த்துப் போட்டால்தான் மதிப்பு. மடங்குகிற துணி இறக்கை, திறந்து மூடுகிற வாய், இரட்டை வால் என்று நான் பக்கம் பக்கமாக யோசித்து வைத்திருந்தேன். தலையில்லாத முண்டத்தின் படத்தைப் போட்டால் சிரிக்க மாட்டார்களா?

“தலைய மட்டும் குடுத்துடுங்க அத்த. பதிலுக்கு வேற பொம்ம வாங்கியாந்து தர்றேன்.”

“வெண்மதி பங்கு டப்பாவுல அப்பிடியே கெடக்குது கண்ணு. அத வேணும்னா மொத்தமா அள்ளிக்கிட்டுப் போ. இது தம்பி பங்கு. நான் எப்பிடிக் குடுக்குறது?”

வெண்மதி அவர் மகள், திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். இந்தத் தம்பி யார்?

“தம்பி எப்ப வருவான்? நானே கேட்டுக்குறேன்.”

“டீ குடிப்பல்ல?” என்று கேட்டுக்கொண்டே அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. மணி பார்த்தேன். தெருவைப் பார்த்தேன். எந்தத் தம்பியும் வருகிற மாதிரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பையிலிருந்து உடம்பை எடுத்தேன். பொருந்துகிறதா என்றாவது பார்த்துவிடலாம். அலமாரியை நோக்கிக் கையை நீட்டினேன்.

கரண்ட் வந்தது.

தலைக்குப் பின்னால் ஒரு சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு எரிந்தது. அதற்குக் கீழே சட்டம் போட்ட படம். படிய வாரிய தலை, பள்ளிக்கூட டை, முன்பல் இல்லாத சிரிப்பு.

செம்பியன். மறைவு: 26.12.2004.

பெட்டி வந்தது பொங்கல் கழித்து.

வரிசையில் இரண்டு டம்ளர் வாங்கியது யார், அம்மா ஏன் கிள்ளினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அத்தை டீயோடு வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அட, இதுக்கு ஒடம்பு இருக்குதா! நான் இத்தினி நாளா மொதலைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

தலையை எடுத்து முந்தானையால் துடைத்து, அவரே கழுத்தில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

“அவன் பேருக்கு வாங்குனதுலதான் இது வந்துச்சு. வெண்மதிக்கு வெறுங்கட்டதான்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அங்கேயே வைத்து செல்போனில் படம் பிடித்தேன். இனி தலையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, உடம்பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். லேசாக இழுத்தால் வந்துவிடும். கழுத்தில் கையும் வைத்தேன். முடியவில்லை. முழு டிராகனையும் செம்பியன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, டீயை மடக்கென்று குடித்துவிட்டு, காலிப் பையோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டரை மூடப்போகிற நேரம். படத்தை ஏற்றினேன். துணி இறக்கை, இரட்டை வால், எல்லா ஆசைகளையும் அழித்தேன். ஒன்றை மட்டும் எழுதி அனுப்பினேன்.

தலையை ஒரு தடவை பொருத்திவிட்டால், அப்புறம் யார் இழுத்தாலும் கழன்று வராத மாதிரி செய்யுங்கள்.