வேலியடியில் கிடைத்த காசு

இது நான் நேரில் பார்த்ததல்ல. பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அக்கா சொல்லிக் கேட்டது. ஒன்றிரண்டு வார்த்தை கூடக்குறைய இருக்கலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் அண்ணன் தம்பி இருவர், பொங்கியண்ணனும் பாலுசாமியும். வேலித் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சில்லை. அதே வேலியடியில் பைப் பதிக்கத் தோண்டும்போது, பச்சை பிடித்த பழங்காசு ஒன்று கிடைத்தது. போதாதா!

"என்ற பக்கம் கெடைச்சுது" என்றார் பொங்கியண்ணன்.

"மண்ணுதான் அவரு பக்கம். காசு என்ற பக்கம்."

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை கனகம். அடுத்த வாரம் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் சேர்ந்து வந்து சீர் செய்ய வேண்டும். 'அவன் வந்தால் நான் வரமாட்டேன்' என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

விலை தெரிந்தாலாவது சண்டை ஓயும் என்று இருவரையும் கோயமுத்தூருக்கு பஸ் ஏற்றினாள். முன் சீட்டில் ஒருவர், கடைசி சீட்டில் ஒருவர். உக்கடத்தில் பழங்காசு வியாபாரி அப்துல் நாசரின் கடை.

"வியாபாரி கொறைச்சுத்தான் சொல்லுவாரு, ஏமாந்துறாதீங்கன்னு பெரியண்ணங்கிட்டச் சொல்லு கண்ணு" என்றார் பாலுசாமி, அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

"எனக்குத் தெரியும்னு அவங்கிட்டச் சொல்லு."

நாசர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரோமாபுரிக் காசுங்க. தங்கமில்ல, வெண்கலம். தேஞ்சும் போச்சு. அம்பது ரூபா போகுமுங்க."

"பாத்தியா, சொன்னனல்லோ!" என்றார் பாலுசாமி கனகத்திடம்.

கனகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், இந்த ஒத்தைக் காசுக்கா எம்புள்ளைக்கு மாமன் சீரு நின்னு போகோணும்?"

நாசர் அவளைப் பார்த்தார். லென்ஸை மறுபடி எடுத்தார்.

"படத்தப் பாருங்க. ஒருத்தரு கீழ உழுந்து கையை நீட்டறாரு. இன்னொருத்தரு குனிஞ்சு தூக்கி உடறாரு. சண்டை போட்ட அண்ணன் தம்பி ராசியானதுக்கு அடிச்ச காசுங்க இது."

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொண்டன.

"உழுந்து கெடக்கறது நீதான்டா" என்றார் பொங்கியண்ணன்.

"தொப்பையப் பாருங்ணா, நீங்கதான்!"

நாலு வருஷத்தில் முதல் நேர்ப்பேச்சு. பொங்கியண்ணன் தன் தொப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கடை அதிரச் சிரித்தார்.

கல்யாணத்தன்று சீர்த்தட்டை மாமன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வந்தார்கள். பட்டுச்சேலை மேல் அந்தக் காசு.

போன மாதம் கனகம் வீட்டில் அதை நானும் பார்த்தேன். மனசு கேட்காமல் நூலகத்தில் நாணயப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். காசின் ஓரத்து எழுத்துக்கு, 'நல்ல காலம் திரும்பியது' என்று அர்த்தமாம். படத்தில் இருப்பது, குதிரையிலிருந்து விழுந்தவனை ஈட்டியால் குத்தும் படைவீரன்.

இன்னொரு கடையிலும் விசாரித்தேன். அம்பது ரூபாய்தான் என்றார்கள்.

விலையில் மட்டும் பாய் பொய் சொல்லவில்லை.